ஓடு ஒன்று சொல்லும், ஜீன் ஒன்று சொல்லும்

கடலோரம்: வாசகர் கேள்வி – பதில்

ஹாங்காங்கில் பல நூற்றாண்டுகளாக வளர்த்துத் தின்ற ஒரு சிப்பிக்கு 2003ஆம் ஆண்டில்தான் அறிவியல் பெயர் கிடைத்தது என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் கடிதங்கள் அதிகம். திமிங்கிலத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன், அதை ஒருவரும் சீண்டவில்லை. சரி, இந்த முறை முழுக்கச் சிப்பிதான்.

நூற்றாண்டுக் கணக்கில் மக்கள் வளர்த்துச் சாப்பிட்ட ஒன்றைப் ‘புதிய இனம்’ என்று அறிவிப்பது வேடிக்கையாக இல்லையா?
– வாசகர், நாகப்பட்டினம்

வேடிக்கைதான். ஆனால் சிரிக்க வேண்டியது விலங்கியல்காரர்களான எங்களைப் பார்த்து, வளர்த்தவர்களைப் பார்த்து அல்ல.

தென் சீனாவில் முத்து ஆறு கடலில் கலக்கும் பகுதியில், ஹாங்காங்குக்கும் ஷென்சென்னுக்கும் நடுவே டீப் பே என்ற சேறு நிறைந்த விரிகுடா இருக்கிறது. அதன் கரையில் லாவ் ஃபாவ் ஷான் என்ற ஊர். ஹாங்காங்வாசிகளிடம் சிப்பி என்றாலே அந்த ஊரைத்தான் சொல்வார்கள். அங்கே வளர்த்த சிப்பியை விலங்கியல்காரர்கள் ஒரு காலத்தில் ‘ரிவுலாரிஸ்’ என்றார்கள். சிலர் ஜப்பானிலிருந்து உலகமெல்லாம் போன ‘ஜைகாஸ்’ என்றார்கள். வேறு சிலர் ‘அரியாகென்சிஸ்’ என்றார்கள். எல்லாருமே ஓட்டைப் பார்த்துத்தான் சொன்னார்கள். எல்லாருக்கும் ஆதாரமாகக் காட்ட ஓர் ஓடு இருந்தது, அதுதான் சிக்கலே.

2003இல் கேத்தரின் லாம், பிரையன் மார்ட்டன் என்ற இருவர் அந்தச் சிப்பியின் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கிற நுண்ணுறுப்பு) டி.என்.ஏ.வைப் படித்துப் பார்த்தார்கள். அது இதுவரை சொன்ன எந்தப் பெயரோடும் ஒட்டவில்லை. பிறகு உடலமைப்பையும் ஓட்டையும் திரும்ப எடுத்து வைத்து, என்னென்ன வித்தியாசம் என்று விவரித்து, ‘கிராசோஸ்ட்ரியா ஹாங்காங்கென்சிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே ‘பல நூற்றாண்டுகளாக வளர்க்கப்பட்டு வந்த’ என்று எழுதினார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

இதில் இன்னொரு சுவாரசியம். தென் சீனத்துச் சிப்பிக்காரர்கள் சதையின் நிறத்தை வைத்து ‘வெள்ளை’, ‘சிவப்பு’ என்று இரண்டு வகையாகப் பிரிப்பது வழக்கம். ஆய்வாளர்கள் இரண்டையும் ஒரே ‘ரிவுலாரிஸ்’ கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2004இல் ஜீனைப் பார்த்தபோது வெள்ளை என்பது இந்த ஹாங்காங் இனம், சிவப்பு என்பது அரியாகென்சிஸ் என்று தெரிந்தது. சிப்பியைத் திறந்து திறந்து கை காய்த்தவர்கள் சரியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். அப்படியிருக்க ‘கண்டுபிடித்தோம்’ என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வராது. ‘பெயர் பதிவு செய்தோம்’ என்றால் சரியாக இருக்கும்.

கோவளம் கடற்கரையில் பொறுக்கிய சிப்பி ஓட்டின் படத்தை அனுப்பியிருக்கிறேன். என்ன இனம் என்று சொல்ல முடியுமா?
– வாசகி, சென்னை

முடியாது. நீங்கள் அனுப்பியது ஓட்டின் வெளிப்பக்கம். அதில் எனக்குத் தெரிவது, அது ஒரு சிப்பி என்பது மட்டும். உட்பக்கத்தையும், இரண்டு ஓடுகளும் சேரும் மூட்டையும் அருகில் வைத்து எடுத்து அனுப்புங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல் வையுங்கள், விரல் வேண்டாம். அப்போதும் பேரினம் (நெருங்கிய இனங்களின் கூட்டம்) வரை சொல்லுவேன், அதற்கு மேல் பேச மாட்டேன்.

சங்கு, சோழிகளை எல்லாம் ஓட்டைப் பார்த்தே அடையாளம் சொல்கிறீர்கள். சிப்பிக்கு மட்டும் ஏன் இத்தனை பிகு?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்செந்தூர்

பிகு என்னுடையது இல்லை சார், சிப்பியுடையது!

சங்கு நடமாடும். அதனால் அதன் வடிவத்தைப் பெரும்பாலும் அதன் பரம்பரையே தீர்மானிக்கிறது. சிப்பி சின்னக் குஞ்சாக இருக்கும்போது சில வாரம் தண்ணீரில் மிதந்துவிட்டு, ஏதோ ஒன்றைப் பிடித்து இடது ஓட்டை அதில் சிமெண்ட் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதோடு சரி, ஆயுசு முழுக்க அங்கேயேதான். பாறை என்றால் பாறைக்குத் தக்கபடி தட்டையாகப் பரவும். சேற்றில் என்றால் வாய் புதைந்துவிடாமல் மேல்நோக்கி நீளும். நாலு பக்கமும் மற்ற சிப்பிகள் நெருக்கினால் ஒல்லியாக, கரண்டி போல வளரும். தோட்டத்தில் புடலங்காய் நேராக வர நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவோமே, அதே கொடியில் கல் கட்டாத காய் சுருண்டு கிடக்கும். இரண்டும் வெவ்வேறு ரகம் என்று யாராவது சொல்வார்களா? சிப்பி விஷயத்தில் அப்படித்தான் சொன்னார்கள், இருநூறு வருஷத்துக்கும் மேலாக. ஒல்லிக்கு ஒரு பெயர், உருண்டைக்கு ஒரு பெயர், ஓரம் மடிந்ததற்கு ஒரு பெயர் என்று லத்தீன் பெயர்கள் மலையாகக் குவிந்தன.

இன்னொரு கூத்தும் உண்டு. வரிவரியான வேறொரு ஓட்டின் மேல் ஒரு சிப்பி ஒட்டி வளர்ந்தால், அந்த வரி இதன் கீழ் ஓட்டில் அச்சாகப் பதிந்துவிடும். அது பரவாயில்லை, ஒட்டியிருக்கிற பக்கம். ஆனால் ஒட்டாமல் மூடியாக இருக்கிற மேல் ஓட்டிலும் அதே வரி வரும்! ஓரம் எப்படி வளைகிறதோ அப்படியே மேல் ஓடும் வளைந்து பொருந்தியாக வேண்டும் இல்லையா, அதனால். மேல் ஓட்டை மட்டும் கையில் கொடுத்தால் பழுத்த ஆளும் தடுமாறுவார்.

அதற்காக ஓடு முழுக்கப் பொய் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஓட்டின் உள்ளே அதிகம் மாறாத சில அடையாளங்கள் இருக்கின்றன. முதலில் மூட்டின் இரு பக்கமும் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். ஓரத்தில் சின்னச் சின்ன முண்டுகள், எதிர் ஓட்டில் அவை உட்காரக் குழிகள் இருந்தால், அது நம் பாறைகளில் அப்பிக் கிடக்கிற சாக்கோஸ்ட்ரியாவாகவோ, ஐரோப்பாவில் பேர்போன தட்டைச் சிப்பி இருக்கிற ஆஸ்ட்ரியா பேரினமாகவோ இருக்கலாம். வழவழவென்று இருந்தால் கிராசோஸ்ட்ரியா கூட்டம். அடுத்து, ஓட்டை மூடுகிற தசை ஒட்டியிருந்த தழும்பு. எங்கே இருக்கிறது, என்ன வடிவம், என்ன நிறம்? எண்ணூர், பழவேற்காடு உப்பங்கழிச் சிப்பியில் அது சிறுநீரக வடிவில், கருஊதாவாக, மை தொட்டு வைத்தது போலத் தெரியும். மேற்குக் கரையின் கிரைபாய்ட்ஸ் இனத்தில் அதே தழும்பு அகலமாக, முத்து வெள்ளையாக இருக்கும்.

உயிரோடு இருந்தால் இன்னும் வசதி. ஆஸ்ட்ரியா தன் குஞ்சுகளைச் செவுளுக்குள் வைத்துக் காப்பாற்றும். கிராசோஸ்ட்ரியா முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடும். இதெல்லாம் பேரினத்தைப் பிரிக்கப் போதும். ஒரே பேரினத்துக்குள் இருக்கிற இரண்டு இனங்களைப் பிரிக்கத்தான் ஓடு கைவிட்டுவிடுகிறது. குரோமோசோமை எண்ணலாமே என்று கேட்பீர்கள். கிராசோஸ்ட்ரியா கூட்டத்தில் எதை எடுத்தாலும் 20தான், அதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

சிப்பியில் முத்து இருக்குமா?
– ஏழாம் வகுப்பு மாணவன், பரமக்குடி

நாம் இங்கே பேசுகிற சிப்பியில் நகை செய்கிற முத்து கிடைக்காது. மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பி வேறு குடும்பம். அது ஒட்டிக்கொள்வதில்லை, நார் விட்டுப் பிடித்துக்கொள்ளும். உண்ணும் சிப்பிக்குள்ளும் எப்போதாவது ஒரு கல் வரும், பளபளப்பே இல்லாத சுண்ணாம்பு உருண்டை. பல்லில் மாட்டினால்தான் தெரியும்.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் டி.என்.ஏ.வைப் பிரதியெடுத்துப் பெருக்குகிற பி.சி.ஆர். கருவி இருக்கிறது. சிப்பியின் டி.என்.ஏ.வைப் படித்து இனம் கண்டுபிடிக்க என்ன செய்ய வேண்டும்? மாணவர்கள் செய்கிற அளவுக்கு எளிதா?
– முதுகலை மாணவி, பரங்கிப்பேட்டை

எளிதுதான், ஆனால் எங்கே சறுக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பாடம் எடுத்த பழக்கம்.

சிப்பியைத் திறந்ததும் வயிற்றுப் பக்கம் போகாதீர்கள். அதற்குள் அது வடிகட்டித் தின்ற பாசியும் நுண்ணுயிரும் நிறைந்திருக்கும், அவற்றின் டி.என்.ஏ.வும் கூடவே வரும். மூடுதசையில் ஒரு சின்னத் துண்டு வெட்டுங்கள், மொச்சைக் கொட்டை அளவு போதும். கத்தியை ஒவ்வொரு சிப்பிக்கும் துடைத்துத் தீயில் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். துண்டு நேராக 95 சதவீத எத்தனாலுக்குள் போக வேண்டும். ஃபார்மலின் கூடவே கூடாது. பழைய விலங்கியல் துறைகளில் பாட்டில் பாட்டிலாக ஃபார்மலினில் போட்டு வைத்திருப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஜீன் வேலைக்கு உதவாது.

அடுத்த தொல்லை கொழகொழப்பு. மெல்லுடலிகளின் சளியில் இருக்கிற சர்க்கரைப் பொருள் டி.என்.ஏ.வோடு சேர்ந்தே வந்து பி.சி.ஆரை முடக்கிவிடும். செடிகளுக்குப் பயன்படுத்துகிற சி.டேப் முறையில் பிரித்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் வரவில்லை என்றால் மாதிரியைத் தண்ணீர் விட்டுப் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள். நிறையப் பேர் அதிகம் போட்டால் அதிகம் வரும் என்று நினைக்கிறார்கள். சளியும்தான் அதிகமாகும்.

எந்த ஜீன்? மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிற சி.ஓ.ஐ. என்ற ஜீனில் சுமார் 650 எழுத்து (டி.என்.ஏ.வின் அலகுகளை அப்படித்தான் சொல்வோம்) நீளமுள்ள ஒரு பகுதி. விலங்குகளுக்கான பார்கோடு என்று 2003இல் பால் ஹெபர்ட் முன்வைத்தது இதைத்தான். அதோடு 16எஸ் என்ற இன்னொரு மைட்டோகாண்ட்ரியா ஜீனையும் படிப்பது நல்லது, ஒன்று வராவிட்டாலும் மற்றது வரும். பி.சி.ஆர். முடிந்து ஜெல்லில் ஒற்றைப் பட்டையாகத் தெரிந்தால் எழுத்துக்களைப் படிக்க வெளியே அனுப்பிவிடலாம்.

திரும்பி வந்த எழுத்துக்களை, ஆய்வாளர்கள் படித்த டி.என்.ஏ. வரிசைகளைச் சேர்த்து வைக்கிற ஜீன்பேங்க் என்ற பொதுக் களஞ்சியத்தில் போட்டுத் தேடுவீர்கள். முதல் வரியில் ஒரு பெயர் வரும், 99 சதவீதப் பொருத்தம் என்று. அங்கேதான் நிற்க வேண்டும். அந்தப் பெயரை அதற்கு வைத்தவர் யார்? எங்கோ ஓர் ஆய்வாளர் ஓட்டைப் பார்த்து ‘இது இன்ன இனம்’ என்று முடிவுசெய்து, அதன் டி.என்.ஏ.வைப் பதிவேற்றியிருப்பார். அவர் ஓட்டில் தடுமாறியிருந்தால் அந்தத் தடுமாற்றம் 99 சதவீதப் பொருத்தத்தோடு உங்களிடம் வந்து சேரும். சிப்பிகளில் இப்படித் தப்பான பெயரில் ஏறிக் கிடக்கிற வரிசைகள் கொஞ்சநஞ்சம் இல்லை. அதனால் முதல் வரியை மட்டும் பார்க்காமல் முதல் இருபது முப்பதையும் பாருங்கள், எந்த ஊரில் பிடித்தது, எந்தக் கட்டுரையில் வந்தது என்று தேடுங்கள். இனத்தை முதலில் விவரித்த இடத்திலிருந்தே எடுத்த மாதிரி ஒன்று கிடைத்தால், மற்ற எல்லாவற்றையும் விட அதை நம்புங்கள்.

அப்புறம் ஒன்று. தசையை வெட்டிக்கொண்டு ஓட்டைக் குப்பையில் போடுகிற மாணவர்களை நான் ஆய்வகத்துக்குள் விட்டதில்லை.

எழுத்துக்களில் எத்தனை சதவீதம் வேறுபட்டால் அது தனி இனம்? ஓர் எல்லைக்கோடு சொல்லுங்களேன்.
– மருந்தாளுநர், கோயம்புத்தூர்

கோடு இருந்தால் எனக்கும் வேலை மிச்சம். ஆசியச் சிப்பி இனங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் சி.ஓ.ஐ.யில் பெரும்பாலும் நூறு எழுத்துக்குப் பத்துக்கு மேல் வேறுபடும். ஹாங்காங் சிப்பியும் அப்படித்தான், அதனால் அதில் பெரிய சண்டை வரவில்லை. சண்டை வருவது ‘போர்ச்சுகீசியச் சிப்பி’ மாதிரி ஆட்களிடம்.

அந்தக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். 1819இல் பிரெஞ்சு அறிஞர் லாமார்க் ஐரோப்பியக் கரையில் கிடைத்த ஒரு சிப்பிக்கு ‘அங்குலாட்டா’ என்று பெயர் வைத்தார். போர்ச்சுகல்லின் டேகஸ் ஆற்று முகத்தில் அது ஏராளம், ஐரோப்பாவின் சொந்தச் சரக்கு என்றே எல்லாரும் நினைத்தார்கள். 1868இல் மோர்லேசியன் என்ற கப்பல் போர்ச்சுகல்லிலிருந்து இந்தச் சிப்பியை ஏற்றிக்கொண்டு பிரான்சுக்குப் போனது. வழியில் புயல். ஒதுங்கி நின்றதில் நாளாகி, சரக்கு கெட்டுப்போயிற்று என்று ஜிரோந்த் ஆற்று முகத்தில் கொட்டிவிட்டார்கள். கெட்டது போக மீதி பிழைத்துக்கொண்டது. பிரான்சின் மேற்குக் கரை முழுக்கப் பரவி, நூறு வருஷம் பிரெஞ்சுக்காரர்களின் மேசையில் உட்கார்ந்தது. 1960களின் கடைசியில் தொடங்கிய ஒரு வைரஸ் நோயில் சில வருஷத்துக்குள் மொத்தமும் மடிந்தது. அந்த இடத்துக்கு ஜப்பானியச் சிப்பியான ஜைகாஸைக் கொண்டுவந்தார்கள்.

இரண்டுக்கும் ஓட்டில் வித்தியாசம் சொல்லவே முடியாது. குஞ்சுகள் ஒன்றுபோலவே இருக்கும், கலந்து விட்டால் இனப்பெருக்கமும் செய்யும். ஆகவே ஒன்றுதானோ என்ற பேச்சு வெகு நாளாக இருந்தது. 1998இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே மைட்டோகாண்ட்ரியாவைப் படித்தன. போர்ச்சுகீசியச் சிப்பியின் எழுத்துக்கள் ஜப்பானியதோடு சரியாகப் பொருந்தவில்லை, தைவான் சிப்பியோடு பொருந்தின! ஐரோப்பியச் சொந்தச் சரக்கு என்று நினைத்தது ஆசியாவிலிருந்து வந்தது. பழைய போர்ச்சுகீசியக் கப்பல்களின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்பது பொதுவான ஊகம். எனக்கு அதில் சந்தேகம் இல்லை, கப்பல் அடியில் எது வேண்டுமானாலும் ஊர் சுற்றும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஜைகாஸுக்கும் அங்குலாட்டாவுக்கும் சி.ஓ.ஐ. வித்தியாசம் நூற்றுக்கு இரண்டு மூன்று எழுத்துதான். சிலர் இரண்டு இனம் என்கிறார்கள், சிலர் ஒரே இனத்தின் இரண்டு கிளை என்கிறார்கள். எந்தச் சதவீதக் கோடு போட்டாலும் ஒரு தரப்பு ஒத்துக்கொள்ளாது.

மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் நம்புவதில் இன்னொரு ஆபத்து, சிப்பியில் அது தாய்வழியில் மட்டுமே வரும். தாய் ஓர் இனம், தந்தை வேறு இனம் என்றால் பிள்ளையின் சி.ஓ.ஐ. தாயின் பெயரை மட்டும் சொல்லும், தந்தையைப் பற்றி மூச்சு விடாது. இது வெறும் கற்பனை இல்லை. குமமோட்டோ என்று அமெரிக்க உணவகங்களில் விலைபோகிற சின்னச் சிப்பி 1940களில் ஜப்பானிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போனது. அங்கே ஜைகாஸும் பக்கத்திலேயே வளர்ந்தது. 1990களில் சோதித்தபோது குமமோட்டோ என்று வைத்திருந்த குஞ்சு வளர்ப்புக் கூட்டங்களில் கலப்பு இருந்தது தெரிந்தது. அதனால்தான் உட்கருவிலிருந்தும் ஒரு ஜீனை எடுத்து, ஐ.டி.எஸ். அல்லது 28எஸ் மாதிரி ஒன்றை, சேர்த்துப் படிக்கச் சொல்கிறோம். அதில் தாய் தந்தை இருவரின் எழுத்தும் வரும். மைட்டோகாண்ட்ரியா ஒன்று சொல்லி, உட்கரு வேறொன்று சொன்னால், புதிய இனம் என்று குதிக்காமல் கலப்பா என்று முதலில் பாருங்கள்.

நம் எண்ணூர்ச் சிப்பிக்கு ‘மெட்ராசென்சிஸ்’ என்று பெயர் என்று படித்தேன். பெருமையாக இருந்தது. இப்போது அந்தப் பெயர் போய்விட்டது என்கிறார்களே?
– வாசகர், திருவொற்றியூர்

போய்விட்டது என்று அவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் ஆட்டம் கண்டிருப்பது உண்மை.

கொச்சி, எண்ணூர் உப்பங்கழிகளில் சேகரித்த மெல்லுடலிகளைப் பற்றி எச்.பி. பிரெஸ்டன் 1916இல் இந்தியன் மியூசியத்தின் வெளியீட்டில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் வந்ததுதான் மெட்ராசென்சிஸ். பிறகு தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1970களில் சிப்பி வளர்ப்பு முறையை உருவாக்கியதும் இந்த இனத்தை வைத்துத்தான். எனவே நம் மீன்வளப் பாடநூல்களில் அந்தப் பெயர் ஆணி அடித்தாற்போல் இருக்கிறது.

பிலிப்பீன்ஸில் இதே மாதிரி கறுப்புத் தழும்புள்ள ஒரு சிப்பியை 1932இல் ‘இரடேலி’ என்றார்கள். ஜீனை ஒப்பிட்டுப் பார்த்த பலர், இரண்டும் ஒரே இனம்தான் என்கிறார்கள். ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் பழையது நிற்கும் என்பது விதி. மெட்ராசென்சிஸ் இரடேலியை விடப் பழையது, ஆகவே ஜெயித்தது என்று நீங்கள் கைதட்டுவதற்குள், அதைவிடப் பழைய ஒன்று கிளம்பி வந்தது. ஹாம்பர்க்கில் போல்டன் என்ற மருத்துவர் சேர்த்து வைத்திருந்த சிப்பி சங்குகளை, அவர் இறந்த பிறகு ஏலம் விட 1798இல் ஒரு பட்டியல் போட்டார்கள். பட்டியலை எழுதிய ரோடிங் அதில் ‘பைலினியேட்டா’ என்று ஒரு பெயர் வைத்திருந்தார். அதுவும் இதே சிப்பிதான் என்று இப்போது பலர் ஏற்கிறார்கள். ஏலப் பட்டியலில் வந்த பெயர் எங்கள் எண்ணூரைத் தோற்கடிப்பதா என்று கேட்டால், விதிப்படி ஆமாம்.

போதாக்குறைக்குப் பேரினப் பெயரையும் மாற்றினார்கள். பசிபிக், ஆசியக் கிண்ணச் சிப்பிகளை எல்லாம் கிராசோஸ்ட்ரியாவிலிருந்து பிரித்து ‘மகலானா’ என்று இரண்டு இத்தாலிய ஆய்வாளர்கள் சில வருஷத்துக்கு முன் முன்மொழிந்தார்கள். அமெரிக்கச் சிப்பியின் கிளை வேறு, ஆசியச் சிப்பியின் கிளை வேறு என்பது அவர்கள் வாதம். ஜீனில் அது சரிதான். ஆனால் ஓட்டைப் பார்த்து இரண்டையும் பிரிக்க வழியில்லை, உலகத்திலேயே அதிகம் வளர்க்கிற சிப்பியின் பெயரை மாற்றினால் குழப்பம்தான் மிஞ்சும் என்று 2017இல் பெரிய கூட்டமே எதிர்த்து எழுதியது. ஆகவே ஒரே சிப்பி ஒரு புத்தகத்தில் கிராசோஸ்ட்ரியா, இன்னொன்றில் மகலானா. நான் இந்தப் பகுதியில் பழையதையே எழுதுகிறேன், வயசாகிவிட்டது.

நீங்கள் வருத்தப்பட வேண்டாம். எண்ணூர்ச் சிப்பியை யாரும் எடுத்துப் போகவில்லை. அதற்கு வந்திருக்கிற நிஜமான கஷ்டம் கழிமுகத்தில் கலக்கிற சாம்பலும் எண்ணெயும்தான், ரோடிங் இல்லை.

பெயர் எதுவானால் என்ன? சாப்பிடுகிறவனுக்கு ருசி முக்கியம். இதற்கெல்லாம் அரசுப் பணத்தைச் செலவழிக்க வேண்டுமா?
– வணிகர், ராமநாதபுரம்

சாப்பிடுகிறவருக்கு வேண்டாம். ஒரு கடலில் இல்லாத சிப்பியை அங்கே கொண்டுபோய் விடலாமா என்று முடிவெடுக்கிறவருக்கு வேண்டும். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் நாட்டுச் சிப்பி நோயால் அழிந்துகொண்டிருந்தது. நோய் தாங்கக்கூடிய ஆசிய அரியாகென்சிஸைக் கொண்டுவந்து விடலாமா என்று மேரிலாந்தும் வர்ஜீனியாவும் பல வருஷம் ஆராய்ந்தன. கடைசியில் 2009இல் வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். யோசித்துப் பாருங்கள்: அந்த ஆராய்ச்சி தொடங்கியபோது அரியாகென்சிஸுக்கும் ஹாங்காங் சிப்பிக்கும் ஒரே பெயர் போட்டு வைத்திருந்தார்கள். எந்தச் சிப்பியைச் சோதித்தோம், எதைக் கொண்டுவரப் போகிறோம் என்றே தெரியாமல் ஒரு விரிகுடாவில் கொட்டினால் திரும்ப அள்ள முடியுமா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மலேசியாவின் ஜொகூரில் மூவார் ஆற்று முகத்தில் தலைமுறை தலைமுறையாக மூழ்கி எடுத்து விற்கிற ஒரு சிப்பியை 2021இல் தனி இனம் என்று விவரித்தார்கள், ‘மகலானா சைடீ’ என்று. விவரித்தபோது அந்த ஓர் ஆற்றைத் தவிர வேறெங்கும் அது தெரிந்திருக்கவில்லை. எங்கும் கிடைக்கிற சிப்பி என்று நினைத்தவரை அந்த ஆறு கெட்டால் ஒன்றும் போகாது. இப்போது அந்த ஆறு போனால் ஓர் இனமே போகும். ஆற்றங்கரையில் ஏதாவது கட்ட அனுமதி கேட்டு வருகிறவரிடம் அதிகாரி காட்ட ஒரு காகிதம் கிடைத்திருக்கிறது. இதற்கு ஆன செலவு ஒரு பாலம் கட்டுகிற செலவில் தூசி.

அருங்காட்சியகங்களில் பழைய ஓடு மட்டும்தானே இருக்கும், சதை இருக்காதே. அதன் ஜீனை எப்படிப் பார்ப்பது?
– வாசகி, மதுரை

ஓட்டுக்குள்ளேயே கொஞ்சம் டி.என்.ஏ. சிக்கிக்கொண்டிருக்கும். ஓட்டைத் துளி துளைத்துப் பொடியெடுத்து, அதிலிருந்து உடைந்த துண்டுகளைப் படிக்க இப்போது வழி இருக்கிறது. ஆனால் எல்லா ஓட்டிலும் வராது, நூறு வருஷ ஓட்டைத் துளைக்க எந்தக் காப்பாளரும் சுலபத்தில் சம்மதிக்கவும் மாட்டார். என்னைக் கேட்டாலும் யோசிப்பேன்.

புதிய சிப்பி இனம் ஒன்று கண்டுபிடித்தால் என் அம்மாவின் பெயரை வைக்கலாமா? என்ன நடைமுறை?
– கல்லூரி மாணவன், தொண்டி

தாராளமாக. லத்தீன் இலக்கணப்படி பெண் பெயர் என்றால் கடைசியில் ‘-ஏ’ ஒலி வரும்படி எழுத வேண்டும், ஆண் என்றால் ‘-ஈ’. உங்கள் பெயரையே வைத்துக்கொள்ளச் சட்டத்தில் தடை இல்லை, ஆனால் வாழ்நாள் முழுக்கக் கிண்டலடிப்பார்கள்.

நடைமுறை இதுதான். பல இடங்களிலிருந்து, பல வடிவங்களில், சின்னதும் பெரியதுமாக எடுங்கள். பக்கத்து இனங்களின் மாதிரிகளும் வேண்டும். ஓடு, தழும்பு, மூட்டு, மென்பாகம் எல்லாவற்றையும் அளந்து எழுதுங்கள். மைட்டோகாண்ட்ரியா ஜீன் ஒன்றாவது, உட்கரு ஜீன் ஒன்றாவது படியுங்கள். பிறகு பழைய பெயர்கள் ஒவ்வொன்றாக எடுத்து, இது அதுவாக இருக்க முடியாது என்று காட்டுங்கள். உங்கள் நேரத்தில் பாதியை இந்தப் பழைய பெயர் வேலையே தின்றுவிடும். 1798இன் ஏலப் பட்டியல் போல ஏதாவது ஒன்று எங்கேயாவது காத்துக்கொண்டிருக்கும்.

அதற்குப் பின் ஒரே ஒரு சிப்பியை மூலமாதிரி என்று அறிவித்து, எங்கே வைத்திருக்கிறது என்று கட்டுரையில் சொல்ல வேண்டும். இந்தியாவில் 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி புதிய இனத்தின் மாதிரியை அரசு நியமித்த காப்பகத்தில் ஒப்படைத்தாக வேண்டும். விலங்குகளுக்கு இந்திய விலங்கியல் ஆய்வுத் துறை. அங்கே அனுப்பும்போது இரண்டு ஓடுகளும், எத்தனாலில் இருக்கிற சதைத் துண்டும் ஒரே எண்ணில் இருக்கட்டும். சீட்டைக் கெட்டியான காகிதத்தில் பென்சிலால் எழுதி எத்தனாலுக்குள்ளேயே போடுங்கள். பேனா மை அதில் கரைந்துவிடும்.